நான்காம் வேற்றுமை

முதல் நாள் அவள் முழங்காலை மடக்கியபோது
சில்லறை விழுந்துவிட்டதென்று
நானும் குனிந்து தேடினேன்.
கல்லாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்,
இரண்டு பேரும் தரையில்.
எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு
வணக்கம் இப்படித்தான் ஆன்ட்டி என்றாள்.

ஃபிங்கர் போஸ்ட்டில் பார்மசி படிக்கும் பிள்ளைகளுக்கு
ஜெராக்ஸ், பைண்டிங், லேமினேஷன்.
தமிழ் இலக்கியம் படித்தவள் நான் என்பது
கடை போர்டில் கிடையாது.

அவள் மொரேனிகே. யொரூபாக்காரி.
ஊர் அபெயோக்கூட்டா,
பாறைக்கு அடியில் என்று அர்த்தமாம்.
அப்படியென்றால் உனக்கு ஊட்டி பழகிவிடும் என்றேன்.
பழகவில்லை. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல்
ஒரு போர்வையோடு வருவாள், தீசிஸைக் கக்கத்தில் இடுக்கி.

எதற்கும் ஒரு முகமன் வைத்திருந்தாள்.
புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும் ஜனவரிக் காலையில்
எ கு ஒத்துத்து: குளிருக்கு.
மழையில் எ கு ஒஜோ.
மெஷினில் பேப்பர் சிக்கி
அதன் வயிற்றுக்குள் நான் கைவிட்டிருக்கையில்
எ கு இஷெ, வேலைக்கு.
கரண்ட் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன்,
எ கு இஜோக்கோ என்றாள்.
உட்கார்ந்திருப்பதற்குமா?
உட்கார்ந்திருப்பதற்கும்தான்.

நாங்கள் வாங்க என்போம், சாப்டாச்சா என்போம்.
அதற்குமேல் கை கால் ஓடாது.

எ என்றால் நீங்கள், மரியாதைக்கு.
கு என்றால்?
தோளைக் குலுக்கினாள். கு என்றால் கு.

எனக்குத் தெரியும் என்றேன், கொஞ்சம் திமிராகவே.
கு நான்காம் வேற்றுமை உருபு.
கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை.
பரீட்சை எழுதிய நாளிலிருந்து
யாரும் என்னிடம் கேட்காத ஏழு.
எங்களுக்குப் பின்னால் ஒட்டும், உங்களுக்கு முன்னால் நிற்கிறது,
அவ்வளவுதான் வித்தியாசம்.
மொழி ஆராய்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.
அவள் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்,
பகையை மட்டும் விட்டுவிட்டு.

பதிலுக்கு எனக்கும் பாடம் நடந்தது.
ஒக்கோ.
கடைசியை ஏற்றினால் மண்வெட்டி,
இறக்கினால் வண்டி,
தட்டையாக விட்டால் புருஷன்.
எத்தனை முறை சொன்னாலும் என் வாயில்
வண்டியும் புருஷனும் ஒன்றாகவே விழுந்தார்கள்.
அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.
நான் நிறுத்திவிட்டேன்.

விழுந்ததும் அப்படித்தான்.
பர்லியார் வளைவில், மேட்டுப்பாளையத்துக்குக்
காரட் ஏற்றிப்போன இரவு.
மூன்று நாள் குரங்குகள் ரோட்டோரம் காரட் தின்றதாக
பஸ் கண்டக்டர் சொன்னான்,
எனக்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்திருப்பான்.

ஸ்டெபிலைசருக்கு மேலே இருந்த போட்டோவை
அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.
இவரா என்று கேட்கவில்லை.
டோனர் பொடி சிந்திய தரையில்
இரண்டு முழங்காலும் ஊன்றி
எ கு இரோஜு என்றாள்.

தாங்கிக்கொண்டிருப்பதற்கு.

எட்டு வருஷமாக வந்தவர்கள்
விதி என்றார்கள், பையனுக்காக இரு என்றார்கள்,
இன்ஷூரன்ஸ் வந்ததா என்றார்கள்.
நான் பாட்டுக்குத் தாங்கிக்கொண்டிருந்தேன்,
அது ஒரு வேலை என்று தெரியாமலே.
அதற்கும் ஒரு வணக்கம் உண்டென்றால்
யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம்.

பெயருக்கு அர்த்தம் கேட்டேன், பேச்சை மாற்ற.
சீராட்ட எனக்கு ஓர் ஆள் கிடைத்தது.
பார், அதிலும் ஒரு எனக்கு
என்றேன். மூக்கை உறிஞ்சினேன்.
குளிருக்கு.

மே மாதம் போய்விட்டாள்.
பைண்டிங் பாக்கி நூற்றிருபதை
போஜன் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

இன்று மறுபடி உறைபனி.
ஷட்டரின் பூட்டு கையோடு ஒட்டியது.
மெஷின் சூடாக நாலு நிமிஷம் ஆகும்.
காத்திருப்பதற்கு அவர்களிடம்
கட்டாயம் ஒரு சொல் இருக்கும், கேட்டு வைக்கவில்லை.
பச்சை விளக்கு எரியும்வரை
அதன் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு
எ கு என்றேன்,
மிச்சம் தெரியாமல்.